தாய்வீட்டிலிருந்து டுபாய்க்கு: சேர்ந்து செல்லும் இளம் தம்பதியர் அறிய வேண்டியவை

கடந்த பாடசாலை விடுமுறையில், என்னிடம் உயர்தரம் படித்த மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். திருமணம் முடித்து எட்டு மாதம். கையிலிருந்த தொலைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். "கணவன், மனைவி இருவரும் செல்லலாம். வேர்க்கிங் ஹொலிடே விசா. வயது 18 முதல் 30 வரை. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா" என்று அதில் இருந்தது.

"டீச்சர், இது உண்மையா? ஆளுக்கு ஆறு லட்சம் கேக்கிறாங்க. உம்மா தந்த நகைய வெச்சா முதல் கட்டுக் காசக் கட்டிரலாம் எண்டு அவர் சொல்றார்."

மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அந்தந்த நாட்டு அரசாங்கங்களின் இணையத்தளங்களைத் தேடி வாசித்தேன். அவளுக்குச் சொன்னவற்றை இங்கே எழுதுவது, அதே விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஏனைய பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்பதற்காகத்தான்.

இந்த விசா என்றால் என்ன?

'வேர்க்கிங் ஹொலிடே' என்பது விடுமுறையைக் கழிக்கப் போகும் இளைஞர்கள், செலவுக்காக அங்கேயே சில காலம் வேலை செய்துகொள்ள அனுமதிக்கும் விசா. அவுஸ்திரேலியா இதனை 1975 இல் பிரித்தானியா, அயர்லாந்து, கனடா நாட்டவர்களுக்காக ஆரம்பித்தது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் இளைஞர்களுக்கு அது திறந்திருக்கிறது. இந்தியாவுக்கு 2024 இல் ஆண்டுக்கு 1,000 இடங்கள் ஒதுக்கப்பட்டு, குலுக்கல் முறையில் ஆட்கள் தெரிவு செய்யப்படுகின்றனர்.

இந்த விசா இரு அரசாங்கங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தின் பேரில் வழங்கப்படுவது. எந்தக் கடவுச்சீட்டு பட்டியலில் இருக்கிறதோ அந்தக் கடவுச்சீட்டுக்கு மட்டுமே கிடைக்கும். அவுஸ்திரேலியாவின் பட்டியலிலும் நியூசிலாந்தின் பட்டியலிலும் கனடாவின் பட்டியலிலும் இலங்கை இல்லை. பட்டியலில் இல்லாத நாட்டவருக்கு இந்த விசாவை எந்த முகவராலும் எடுத்துத் தர முடியாது. காசு கூடக் கொடுத்தாலும் முடியாது.

எமக்கும் ஒரு காலத்தில் இப்படியொரு வாசல் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. பிரித்தானியா பொதுநலவாய நாடுகளின் இளைஞர்களுக்கு இவ்வாறான விசாவொன்றை வழங்கிவந்தது. இரண்டு வருடம் தங்கலாம். திருமணமானவர் என்றால், துணையும் அதே தகுதியோடு ஒன்றாகப் பயணிக்க வேண்டும். 2008 நவம்பரில் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. அதற்குப் பதிலாக வந்த திட்டத்தில், பிரித்தானியா தெரிவு செய்த நாடுகளுக்கே இடம் கொடுக்கப்பட்டது. அந்தப் பழைய கதையை யாரோ சொல்லக் கேட்டுத்தான், "முந்தி எங்கட ஆக்கள் போனவங்கதானே" என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள்.

படிப்பு விசாவில் துணையையும் கூட்டிச் செல்லும் வழியும் ஒடுங்கி வருகிறது. 2024 ஜனவரி முதல் பிரித்தானியாவில் ஆய்வுப் பட்டம் படிப்போர் தவிர்ந்த பெரும்பாலான மாணவர்களுக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்ல அனுமதியில்லை. பராமரிப்புப் பணியாளர் விசாவிலும் அதே ஆண்டு மார்ச்சில் அந்த அனுமதி நிறுத்தப்பட்டது. அவுஸ்திரேலியாவில் மாணவரின் துணைக்கு இன்னும் இடமுண்டு. ஆனால் 2025 ஜூலை முதல் மாணவர் விசா விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2,000 அவுஸ்திரேலிய டொலர். விசா மறுக்கப்பட்டால் அந்தக் காசு திரும்பி வராது.

ஆகவே, எமது கரையோர ஊர்களின் இளம் தம்பதிக்கு நடைமுறையில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் வளைகுடா நாடுகள்தான். அதிலும் இருவரும் வேலை செய்து வாழ்வதற்கென்று பலர் தெரிவு செய்வது டுபாய். ஆதலால் டுபாயை வைத்தே சொல்கிறேன்.

விசிட் விசாவில் வேலை இல்லை

விளம்பரக்காரர்கள் கடைசியில் கையில் தருவது அநேகமாக விசிட் விசாதான். "போய் இறங்குங்க, ரெண்டு மாசத்துல வேல எடுக்கலாம்" என்பார்கள். விசிட் விசாவில் வேலை தேடுவது வேறு, வேலை செய்வது வேறு. வேலை அனுமதி கிடைக்க முன்னர் ஒரு நாள் வேலை செய்தாலும் ஐக்கிய அரபு இராச்சியத்தில் அது சட்டவிரோதம். அப்படி ஆள் வைத்திருக்கும் முதலாளிக்கு 2024 ஆகஸ்ட் முதல் ஒரு லட்சம் திர்ஹத்திலிருந்து பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் விதிக்கலாம். இரண்டு மாதம் வேலை வாங்கிவிட்டுச் சம்பளம் கொடுக்காத முதலாளி மீது முறையிட, விசிட் விசாக்காரர் கையில் ஒப்பந்தமும் இல்லை, தைரியமும் இல்லை.

சரியான வழி இதுதான். வேலை ஒப்பந்தம் முதலில். அந்நாட்டுத் தொழில் சட்டப்படி ஆட்சேர்ப்புச் செலவை முதலாளி தொழிலாளியிடம் அறவிட முடியாது. புறப்பட முன்னர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்ய வேண்டும். முகவருக்குப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு ஆள் சேர்க்க அனுமதி இருக்கிறதா என்ற இரண்டையும் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத முகவர்களும் இருக்கிறார்கள்.

வீடு யாருடையது?

இந்த இடத்தில் எமது ஊர் வழக்கம் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இந்தக் கரை முழுவதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். வீடு பெண்ணுக்கு எழுதப்படுகிறது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்து 2008 இல் வெளியிட்ட நூலில் இந்த வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். இந்த வழக்கத்தின் சுமையையும் நாம் அறிவோம். கடலுக்கும் வயலுக்கும் இடையில் நெருங்கிக் கிடக்கும் எமது ஊர்களில் ஒரு வளவு வாங்கி மகளுக்கு வீடு கட்டுவதற்காகவே எத்தனையோ வாப்பாமாரும் நானாமாரும் வளைகுடாவில் வயதைக் கழித்தார்கள்.

ஆனால் அதில் ஒரு நன்மையும் இருந்தது. கணவன் மனைவிக்குள் பிணக்கு வந்தால் பெண் நிற்பது தன் வீட்டில். உம்மா அடுத்த அறையில், சாச்சி அடுத்த வளவில். தனியே நிற்கிறோம் என்ற எண்ணம் அவளுக்கு இலகுவில் வராது.

டுபாயில் இது தலைகீழாகிறது. பெரும்பாலும் கணவனுக்கே முதலில் வேலை கிடைக்கிறது. மனைவி அவரது பொறுப்பில் குடும்ப விசாவில் போகிறாள். வீட்டு ஒப்பந்தம் அவர் பெயரில். அவரது விசா இரத்தானால் அவளது விசாவும் அதோடு போகும். இது யாருடைய குற்றமும் அல்ல, சட்டத்தின் அமைப்பு அது. ஆனால் தன் பெயரில் உள்ள வீட்டிலிருந்து புறப்படும் ஒரு பெண், இறங்கும்போது இன்னொருவரின் கோப்பில் ஒரு இணைப்பாக மாறுகிறாள் என்பதை இருவரும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சேர்ந்து போவதா என்று பேசும்போது பலரும் பேசாமல் விடும் விடயம் இதுதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

குடும்ப விசாவுக்குக் கணவனின் சம்பளம் குறைந்தது 4,000 திர்ஹம் இருக்க வேண்டும். அல்லது நிறுவனம் தங்குமிடம் தருவதாயின் 3,000 திர்ஹம். இந்த எல்லையை எட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்.

டுபாயில் வாடகை ஆண்டுக் கணக்கில் பேசப்பட்டு, காசோலைகளாகக் கொடுக்கப்படுவது வழக்கம். ஓர் அறை கொண்ட சிறிய வீட்டுக்கு ஆண்டு வாடகை 36,000 திர்ஹம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நான்கு காசோலை என்றால் முதலாவது 9,000. முற்பணம் வழமையாக ஐந்து வீதம், 1,800. தரகர் கூலி இன்னோர் ஐந்து வீதம், 1,800. மின்சாரத்துக்கும் நீருக்கும் வைப்புப் பணம் 2,000. கதவைத் திறக்க முன்னரே 14,600 திர்ஹம். அது 4,000 திர்ஹம் சம்பளக்காரரின் மூன்றரை மாத உழைப்புக்கும் மேல். அதன் பின்னரும் மாதம் 3,000 வாடகைக்கே போகும்.

ஆகவேதான் பலர் தெய்ரா, கராமா, சத்வா பக்கங்களில் பலகையால் தடுத்த அறையொன்றில் குடியேறுகிறார்கள். இதில் இரண்டு சிக்கல். ஒன்று, குடும்ப விசாவுக்கு அரச பதிவு பெற்ற வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். அதற்கு 'இஜாரி' என்று பெயர். தடுத்த அறைக்கு அது கிடைக்காது. மற்றது, 2025 ஜூன் மாதம் டுபாய் மாநகர சபை சத்வா, ரிக்கா, முரக்கபாத், பர்ஷா, ரஃபா பகுதிகளில் அனுமதியற்ற தடுப்பறைகளை அகற்ற நடவடிக்கை எடுத்தது. புதுமணத் தம்பதி பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டி வரலாம். சார்ஜாவில் வாடகை குறைவு என்று போகிறவர்கள், காலையும் மாலையும் டுபாய் வீதி நெரிசலில் கழியும் மணித்தியாலங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மனைவியின் பெயரில் இருக்க வேண்டியவை

கணவனின் விசாவில் இருக்கும் மனைவி அங்கு வேலை செய்யலாம். விசாவை மாற்றத் தேவையில்லை. அவளை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் தொழில் அமைச்சில் அவளுக்கு வேலை அனுமதி எடுத்துக் கொடுக்க வேண்டும். "கணவர்ட விசா இருக்குத்தானே, அனுமதி தேவையில்லை" என்று சொல்லும் முதலாளியிடம் போகக் கூடாது. அனுமதி இல்லாவிட்டால் ஒப்பந்தமும் இல்லை, வேலை முடிவில் கிடைக்க வேண்டிய பணிக்கொடையும் இல்லை.

அவளது சம்பளம் அவளது வங்கிக் கணக்குக்கு வரட்டும். கணவனை நம்பாததற்காக அல்ல. ஒருவருக்கு வேலை போனாலோ, நோய் வந்தாலோ வீடு நடக்க வேண்டும் என்பதற்காக. அவளது கடவுச்சீட்டு அவளது கையில் இருக்க வேண்டும். விதவையான அல்லது விவாகரத்தான பெண்ணுக்கு அங்கே ஒரு வருடம் தங்க விசா வழங்கும் ஏற்பாடும் உண்டு. அதுவும் தெரிந்திருக்கட்டும்.

போக முன்னர் செய்ய வேண்டியது, திருமணப் பதிவுச் சான்றிதழை எடுத்து வைப்பது. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி, பதியப்படவில்லை என்ற காரணத்தால் மாத்திரம் நிக்காஹ் செல்லாமல் போவதில்லை. அதை வைத்துப் பதிவைத் தள்ளிப்போட்டவர்கள் எமது ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால் டுபாய் அதிகாரி கேட்பது சான்றிதழை. அதனை மொழிபெயர்த்து, எமது வெளிவிவகார அமைச்சிலும் அந்நாட்டுத் தூதரகத்திலும் அத்தாட்சிப்படுத்த வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, கடவுச்சீட்டில் வேறோர் எழுத்து, விவாகச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் என்றிருந்தால் அதை இங்கேயே திருத்துங்கள். வாப்பாவின் பெயரை மூன்று விதமாக எழுதிய ஒரு பிள்ளைக்கு அதைச் சரிப்படுத்த எத்தனை நாள் பிரதேச செயலகத்துக்கு ஏறி இறங்க வேண்டும் என்பது ஆசிரியராக எனக்குத் தெரியும்.

குழந்தை விடயத்தையும் பேசிக்கொள்ளுங்கள். தலைப்பிள்ளை உம்மா வீட்டில் பிறப்பது எமது வழக்கம். அங்கே பிறந்தால் 120 நாட்களுக்குள் குழந்தைக்கு விசா எடுக்க வேண்டும். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். காப்புறுதி எவ்வளவு செலவை ஏற்கும் என்பதைக் கர்ப்பம் தரித்த பின் அல்ல, அதற்கு முன்னரே கேட்டறிய வேண்டும்.

இவ்வளவும் கேட்ட பின் மாணவி சொன்னாள்: "அப்ப போகவேணாம் எண்டா சொல்றீங்க டீச்சர்?"

இல்லை. பிரிந்து பிரிந்தே வயது போன தம்பதிகளை இந்த ஊரில் நான் கண்டிருக்கிறேன். சேர்ந்து வாழ நினைப்பது நல்லது. ஆனால் நகையை அடகு வைத்து இல்லாத விசாவுக்குக் காசு கட்ட வேண்டாம். கணவர் ஒப்பந்தத்தோடு முதலில் போகட்டும். வாடகைக்கும் முற்பணத்துக்கும் சேர்ந்த பின், உன் கடதாசிகளும் சரியான பின் நீ போ. உன் ஊர் வீட்டின் உறுதியை மட்டும் எவரிடமும் ஈடு வைக்காதே.

போன வாரம் அவள் அழைத்தாள். நகை அலுமாரியில்தான் இருக்கிறதாம். விவாகச் சான்றிதழில் கணவரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதைத் திருத்தக் கொடுத்துவிட்டு, பிரதேச செயலக வாசலில் நின்றுதான் பேசினாள்.