முகாமை நடத்தும் வேலைப் பட்டியல்

தமிழ்நாட்டில் கல்லூரிக்குச் சென்றவர்களில் பலர் மாணவர் தலைமைப் பயிற்சியை அந்தப் பெயரில் அறியாவிட்டாலும், 'என்.எஸ்.எஸ். கேம்ப்' என்ற பெயரில் அறிந்திருப்பார்கள். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, அப்போதைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிவைத்த நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். அதோடு, கல்லூரி தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் தங்கிச் சிறப்பு முகாமிலும் பங்கேற்க வேண்டும். வாய்க்கால் தூர்வாருவதும் மரக்கன்று நடுவதும் அம்முகாமின் வெளிப்படையான பணிகள். முன்பின் பழகாத 50 பேரை ஒரு வாரத்துக்குள் ஒரு குழுவாக்குவதே அதன் கடினமான பணி. அறிக்கைகளில் அதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

இத்தகைய தொண்டைக் கட்டாயமாக்கலாமா என்ற விவாதம் திட்டத்தைவிட மூத்தது. கல்லூரியில் சேருமுன் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயத் தொண்டு வேண்டும் என்று 1959-இல் அமைக்கப்பட்ட சி.டி. தேஷ்முக் குழு கூறியது. பல நாடுகளின் இளைஞர் தொண்டு முறைகளை ஆராய்ந்த கே.ஜி. சையதைன் விருப்பத்தின் பேரில் சேர்வதே நல்லது என்றார். அவர் கருத்தே நிலைத்தது. சான்றிதழுக்காக மட்டும் சேர்வோர் இன்றும் உண்டு என்றாலும், அவர்களையும் குழுவுக்குள் இழுத்துக்கொள்வது முகாமை நடத்தும் திட்ட அலுவலரின் திறமையைப் பொறுத்தது.

முகாமுக்கு வருபவர்கள் தனித்தனியாக வருவதில்லை; ஒரே துறை, ஒரே பேருந்து, ஒரே விடுதி அறை, வாய்விட்டுச் சொல்லப்படாத ஒரே சாதி எனச் சிறு கூட்டங்களாகவே வந்து, இரவில் பாய் விரிக்கும்போதும் அப்படியே அடுத்தடுத்துப் படுக்கிறார்கள். 'எல்லோரும் ஒற்றுமையாக இருங்கள்' என்ற தொடக்கவுரையால் இது கலைவதில்லை. பத்துப் பத்துப் பேராகக் கலந்து பிரித்து, அன்றாட வேலைகளைச் சுழற்சி முறையில் ஒப்படைக்கும் பட்டியலே இதைக் கலைக்கிறது. அப்பட்டியலில் முதலிடம் பெறவேண்டியது சமையற்கட்டு.

ஐம்பது பேருக்குச் சாம்பார் வைக்க விடியுமுன் அடுப்பு மூட்ட வேண்டும்; ஒரு கூடை வெங்காயத்தை உரித்து நறுக்க நான்கு பேராவது வட்டமாக உட்கார வேண்டும்; கொதிக்கும் அண்டாவை இறக்க இருவர் ஒரே நேரத்தில் பிடித்துத் தூக்க வேண்டும். இவற்றில் எதையும் தனியொருவர் செய்துமுடிக்க இயலாது என்பதால், வேதியியல் மாணவரும் வணிகவியல் மாணவியும் பேசித்தான் ஆகவேண்டும். இன்று பரிமாறிய குழு கடைசிப் பந்தியில் உண்பதும், நாளை அதே குழு கழிப்பறை கழுவுவதும், அலுவலரும் மாணவரோடு அதே பந்தியில் தரையில் அமர்வதும் வழக்கமானால், சமத்துவத்தைப் பற்றித் தனியாக ஒரு சொற்பொழிவு தேவைப்படாது. சமையல் மாஸ்டரை அமர்த்திவிட்டு, மாணவிகளைப் பரிமாறவும் மாணவர்களை மண்வெட்டி பிடிக்கவும் அனுப்பும் முகாம்கள் இந்த வாய்ப்பைத் தாங்களே கெடுத்துக்கொள்கின்றன.

இவ்வாறு கலந்தவர்களிடையே சச்சரவு எழாமல் இராது. அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965-இல், சிறு குழுக்கள் கூடுதல், முரண்படுதல், நெறிப்படுதல், செயல்படுதல் என்ற நான்கு நிலைகளைக் கடப்பதாக வகுத்துக் காட்டினார். வேலைக்கு வராமல் நழுவுபவர் யார், அதிகாரம் செய்பவர் யார் என்று முணுமுணுப்பு கிளம்பும் நாள் இதில் இரண்டாம் நிலை. அதட்டி அடக்கினால் முணுமுணுப்பு பாய்க்கடியில் போகுமே தவிரத் தீராது. அதைப் பேசித் தீர்க்க ஓர் இடம் வேண்டும். இரவு உணவுக்குப் பின் நடக்கும் மீளாய்வுக் கூட்டம் அதற்கானது.

இக்கூட்டத்தின் பயனை விளக்கும் நிகழ்வொன்று 1946 கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நடந்தது. இனப் பாகுபாட்டைக் களையச் சமூகப் பணியாளர்களுக்கு அங்குப் பயிலரங்கு நடத்திய உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய குழுவினரும், பங்கேற்பாளர்கள் நடந்துகொண்ட விதத்தை மாலைதோறும் தமக்குள் விவாதித்தனர். அவ்விவாதத்தைக் கேட்க வந்த சில பங்கேற்பாளர்கள், தம்மைப் பற்றிய கணிப்பை மறுத்துத் தம் தரப்பைச் சொல்லத் தொடங்க, அன்றைய வகுப்புகளைவிட அந்த உரையாடலே அதிகம் கற்பிப்பதை இரு தரப்பினரும் உணர்ந்தனர். குழுப் பயிற்சியில் தனியொரு முறையே இதிலிருந்து வளர்ந்தது. மீளாய்வில் அலுவலர் தீர்ப்பு வழங்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அன்று என்ன நடந்தது, யாருக்கு எது வருத்தம், நாளை எதை மாற்றலாம் என்று கேட்டுவிட்டு அவர் மௌனமாக இருந்தால், வழக்கமாகப் பேசாத மாணவி பேசக்கூடும். கூட்டத்தை நடத்தும் பொறுப்பையும் நாளுக்கொரு மாணவரிடம் விட்டால், தலைமைப் பயிற்சி என்பது பாடமாக இல்லாமல் பழக்கமாகவே கிடைக்கும்.

பல முகாம்களில் பிற்பகல் முழுவதையும் சிறப்பு விருந்தினர் உரைகளும் பொன்னாடைகளும் நன்றியுரைகளும் விழுங்கிவிட, களைத்த மாணவர்கள் இரவுக் கூட்டத்தில் தூங்கி வழிகிறார்கள். அடுத்த முகாமைத் திட்டமிடும் கல்லூரிகள், அழைப்பிதழை அச்சகத்துக்கு அனுப்பும் முன்பே வேலைப் பட்டியலையும் மீளாய்வு நேரத்தையும் முடிவுசெய்துவிட்டு, மிஞ்சும் நேரத்தை மட்டும் விருந்தினர்களுக்கு ஒதுக்க வேண்டும்.