பதினைந்து ரூபாய் அட்டை

கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தைக்கு முடக்குவாதம். விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் காபி டம்ளரைப் பிடிக்கவே தடுமாறியவர் இன்று வாசலில் கோலம் போடுகிறார். வாரத்துக்கு ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், தினமும் காலையில் 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன். இரண்டாவது மாத்திரைதான் ஸ்டீராய்டு. 15 மாத்திரை உள்ள அட்டை 15 ரூபாயைத் தாண்டாது. மாதத்துக்கு இரண்டு அட்டை போதும்.

இடையில் டாக்டர் மாறினார், சீட்டில் ஸ்டீராய்டு மாத்திரையும் மாறியது. புது மாத்திரை பத்து உள்ள அட்டை 110 ரூபாய். மாதத்துக்கு மூன்று அட்டை. “இதுக்கு வலியே தேவலாம்டா” என்று அலுத்துக்கொண்ட அத்தை, யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பித்தார். வலி பெரிதாகத் தெரியாததால் அப்புறம் அதையும் விட்டுவிட்டார். சில நாளில் குமட்டல், கிறுகிறுப்பு, எழுந்து நின்றால் கண்ணை இருட்டியது. ஒரு விடியற்காலையில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

சிறுநீரகங்களின் மேல் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஸ்டீராய்டைத் தாமே சுரப்பவை. வெளியிலிருந்து மாத்திரையாக வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், ‘நமக்கென்ன வேலை’ என்று அவை ஓய்ந்துவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உள்ளே சுரப்பதும் இல்லை, வெளியிலிருந்து வருவதும் இல்லை. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர்கள் ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். மற்ற மாத்திரைகளில் நாம் செய்யும் சிக்கனம் இதில் செல்லாது.

அத்தை தேறி வீடு திரும்பியபின் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. புதியது டெஃப்லாசகார்ட், 6 மில்லிகிராம். வீரியத்தில் இது 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்குச் சமம். ஒரே குடும்பம்தான், ஒரு மாத்திரைக்குப் பத்து மடங்கு விலை வித்தியாசம்.

ஸ்டீராய்டு ஒருகாலத்தில் உண்மையிலேயே பணக்கார மருந்தாக இருந்தது. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தில் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்டிசோன் கொடுத்தார்கள். சில நாளில் எழுந்து நடந்தார். அதற்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு. ஆனால் அன்று அதை மாட்டின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் தயாரிக்க வேண்டியிருந்தது. ஒரு கிராம் 200 டாலர். மெக்சிகோவில் விளையும் ஒரு காட்டு வள்ளிக்கிழங்கும், ரொட்டியில் பூக்கும் பூஞ்சையின் இனத்தைச் சேர்ந்த ரைசோபஸும்தான் அந்த விலையை உடைத்தன. வேதியியலார் பல படிகளில் செய்ததை அப்ஜான் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பூஞ்சை ஒரே மூச்சில் செய்தது. அது 1952இல். பிரெட்னிசொலோன் வந்து எழுபது வருடம் ஆகிவிட்டது. அதன் காப்புரிமையெல்லாம் என்றோ காலாவதி.

அப்படியானால் இன்றைய விலையை எது தீர்மானிக்கிறது? நம் ஊரில், சட்டம். பிரெட்னிசொலோன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. 2013இன் விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதற்கு அரசு நிர்ணயித்த உச்சவரம்பு உண்டு. டெஃப்லாசகார்ட் அந்தப் பட்டியலில் இல்லை. கம்பெனி தானே விலை வைக்கலாம், ஆண்டுக்குப் பத்து சதவீதம் வரை ஏற்றவும் செய்யலாம்.

இதே டெஃப்லாசகார்ட் அமெரிக்காவில் போட்ட ஆட்டத்துக்கு முன்னால் நம் கடை விலை ஒன்றுமே இல்லை. தசைகள் மெல்ல மெல்ல நலியும் டுஷேன் நோய் உள்ள பிள்ளைகளுக்காக, அங்குள்ள பெற்றோர் இதை வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொண்டிருந்தார்கள். வருடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் டாலர் செலவு. 2017 பிப்ரவரியில் மாரத்தான் என்ற கம்பெனி அதற்கு அமெரிக்க அனுமதி வாங்கி, எம்ஃப்லாசா என்று பெயர் சூட்டி, வருடத்துக்கு 89,000 டாலர் என்று அறிவித்தது. செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் உள்ளிட்டோர் கொதித்தெழ, விற்பனையை நிறுத்திவைத்து, அடுத்த மாதமே மருந்தை வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டு ஒதுங்கியது. மருந்து பழையதுதான், முத்திரை மட்டும் புதிது.

மாத்திரையை ஏன் மாற்றினார் என்று அத்தையின் டாக்டரிடமே நேரில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “சுகர் பார்டர்ல இருக்கு, இதுல கொஞ்சம் கம்மியா ஏறும்னுதான் மாத்தினேன். செலவு கஷ்டம்னா பழையதே போடலாம், சுகரை அடிக்கடி பார்த்துக்கலாம். நீங்க யாரும் சொல்லவே இல்லையே?” என்றார். உண்மைதான். காய்கறிக்காரரிடம் நாலு ரூபாய்க்குப் பேரம் பேசும் நாம் டாக்டர் முன்னால் வாயைத் திறப்பதில்லை.

அவர் சீட்டில் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரையே எழுதிக் கொடுத்தார். இந்தப் பழக்கம் 2002 முதலே மருத்துவர்களின் நடத்தை விதிகளில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் இன்னும் கறாராக ஒரு விதி வந்தது, எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த மாதமே நிறுத்திவைக்கப்பட்டது. சீட்டில் ஒரு கம்பெனியின் பெயர் இருந்தால் கடைக்காரர் தன்னிஷ்டத்துக்கு வேறொன்றை மாற்றித் தரக்கூடாது. ஆகவே கேட்க வேண்டிய இடம் டாக்டரின் மேஜைதான். மருந்தின் பெயர் கையில் இருந்தால் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் ஆயிரம் கடைகளோடு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விசாரிக்கலாம். அரசு மருத்துவமனையில் காட்டினால் காசே வேண்டாம், வரிசையில் நிற்கத்தான் பொறுமை வேண்டும்.

புதுச் சீட்டோடு தெருமுனைக் கடைக்குப் போனோம். “ஸ்டாக் இல்லைங்க.” பழகிய மனிதர் என்பதால் ஏன் என்று கேட்டேன். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்தில் கடைக்காரருக்கு 16 சதவீதம், மற்றதில் வழக்கமாக 20. 15 ரூபாய் அட்டையில் சுமார் இரண்டு ரூபாய் மிஞ்சும், 110 ரூபாய் அட்டையில் சுமார் இருபது. “ரெண்டு ரூபா நிக்கிற சரக்கை அடுக்கிவெச்சு நான் என்ன சார் பண்றது? கடை வாடகையே ஏறிப்போச்சு” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அத்தை சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார்.