‘குழந்தை பிழைக்காது’ எனத் தெரிந்தும் கர்ப்பத்தைத் தொடரும் குடும்பங்கள்... என்ன உதவி தேவை?

ஐந்தாம் மாத ஸ்கேன். குழந்தை அசைவதைப் பார்க்கலாம், படத்தை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போடலாம் என்று சந்தோஷமாகப் போகிறார்கள். பேசிக்கொண்டே ஸ்கேன் செய்தவர் திடீரென அமைதியாகிறார். “டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க” என்கிறார். டாக்டர் சொல்வது இதுதான்: “குழந்தை பிழைக்க வாய்ப்பில்லை. ஒண்ணும் பண்ண முடியாது.”

இதில் முதல் பாதி உண்மையாக இருக்கலாம். இரண்டாம் பாதி உண்மையில்லை. குணப்படுத்த முடியாது என்பது வேறு, செய்வதற்கு எதுவுமே இல்லை என்பது வேறு.

எந்த மாதிரியான பாதிப்புகள்?

அனென்செஃபலி என்பது மூளையின் பெரும்பகுதியும் மண்டை ஓடும் உருவாகாத நிலை. இந்தக் குழந்தைகள் உயிரோடு பிறந்தாலும் பெரும்பாலும் சில மணி நேரமோ, சில நாட்களோதான் இருப்பார்கள். இரண்டு சிறுநீரகங்களும் உருவாகாவிட்டால் பனிக்குட நீர் இருக்காது. அதனால் நுரையீரல் வளராது. ட்ரைசோமி 18 எனும் குரோமோசோம் பிரச்னையில் பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்தநாளைத் தாண்டுவதில்லை. சிலர் தாண்டுகிறார்கள் என்பதும் உண்மை.

அதனால், முதலில் செய்ய வேண்டியது உறுதிப்படுத்துவது. கருநல மருத்துவரிடம் (ஃபீட்டல் மெடிசின்) இரண்டாவது கருத்து கேளுங்கள். தேவைப்பட்டால் பனிக்குட நீர்ப் பரிசோதனை செய்யலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, கருவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் 24 வாரங்களுக்குப் பிறகும் மெடிக்கல் போர்டு அனுமதியுடன் கலைக்கலாம். இது கட்டாயம் இல்லை. 18 வயது நிரம்பிய பெண் என்றால் அவரது சம்மதம் மட்டுமே போதும். மாமியாரோ, கணவரோ முடிவு செய்ய முடியாது.

சிலர் கலைக்க முடிவெடுக்கிறார்கள். சிலர் நம்பிக்கை காரணமாகவோ, “கொஞ்ச நேரமாவது கையில வச்சுக்கணும்” என்றோ தொடர்கிறார்கள். இரண்டுமே எளிதில் எடுத்த முடிவாக இருக்காது. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையினருக்கானது.

‘பெரிநேட்டல் பேலியேட்டிவ் கேர்’ என்றால்?

பிறக்கும் முன்பே தொடங்கும் ஆதரவு சிகிச்சை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 2019-ல் இதற்கென வழிகாட்டுதல் வெளியிட்டது. இதன் மையம், பிரசவத்துக்கு முன்பே எழுதி வைக்கும் ஒரு திட்டம். டாக்டரிடம் பேச வேண்டியவை:

* சுகப்பிரசவமா, சிசேரியனா? குழந்தையைக் காப்பாற்ற உதவாத சிசேரியன், அம்மாவின் அடுத்த கர்ப்பத்தைப் பாதிக்கலாம்.
* பிறந்ததும் வென்டிலேட்டர் வைக்க வேண்டுமா, வேண்டாமா?
* குழந்தைக்கு வலி, மூச்சுத்திணறல் இருந்தால் என்ன மருந்து?
* அம்மாவின் மார்பில் உடனே வைக்கலாமா? அப்பா, தாத்தா, பாட்டி உள்ளே வரலாமா?
* எதிர்பார்த்ததைவிட அதிக நாள் இருந்தால் வீட்டுக்கு எப்படி அழைத்துப்போவது?

வாயால் பேசினால் மட்டும் போதாது. பிரசவம் நள்ளிரவில் வந்தால் டியூட்டியில் வேறு டாக்டர் இருப்பார். ஃபைலின் முதல் பக்கத்திலேயே இந்தத் தாள் இருக்கட்டும்.

கால்தடம், ஒரு ஃபோட்டோ, சின்னத் துணி என்று நினைவுப் பொருட்களையும் எடுத்து வைக்கலாம். இது எல்லோருக்கும் பிடிக்காது. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயங்கள்

தாய்ப்பால்: குழந்தை இறந்தாலும் சில நாட்களில் பால் சுரக்கும். தெரியாமல் இருந்தால் அந்தத் தருணம் உடைத்துவிடும். பாலை நிறுத்த மருந்து உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். தாய்ப்பால் வங்கிக்குத் தானம் செய்யும் அம்மாக்களும் உண்டு.

பதிவு: சில நிமிடங்களே உயிரோடு இருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இறந்து பிறந்தாலும் பதிவு உண்டு. பல பெற்றோருக்கு, தங்கள் குழந்தை இருந்ததற்கான அத்தாட்சி அந்தக் காகிதம்தான்.

லீவு: குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்தவுடன் இறந்தாலோ மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கு 60 நாள் சிறப்பு மகப்பேறு விடுப்பு உண்டு. இந்த உத்தரவு 2022-ல் வந்தது. தனியார் நிறுவனம் என்றால் பிரசவத்துக்கு முன்பே ஹெச்.ஆரிடம் கேட்டு வையுங்கள். அந்தப் பேச்சை ஒரு நெருங்கிய கொலீக் எடுத்துச் செய்தால் பெரிய உதவி.

உறவினர், நண்பர்கள் கவனத்துக்கு...

வயிறு தெரியத் தொடங்கியதும் லிஃப்டில்கூட “எத்தனாவது மாசம்?” என்று கேட்பார்கள். வளைகாப்பு வைப்பதா என்று வீட்டில் பேச்சு வரும். வைப்பதும் தவிர்ப்பதும் அந்தப் பெண்ணின் விருப்பம்.

“அடுத்தது நல்லா பொறக்கும்”, “கிரகணத்துல வெளிய போனியா?” போன்ற பேச்சுகள் வேண்டவே வேண்டாம். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. “எப்படித் தாங்கப்போற?” என்று கேட்பதைவிட, “வெள்ளிக்கிழமை செக்கப்புக்கு நான் வண்டி எடுத்துட்டு வரேன்” என்பது மேல். கணவரையும் விசாரியுங்கள், “நீ தைரியமா இரு” என்று மட்டும் சொல்லி அவரை எல்லோரும் கடந்துவிடுகிறார்கள்.

குழந்தைக்குப் பெயர் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வைத்திருந்தால், அந்தப் பெயரைச் சொல்லியே பேசுங்கள். அடுத்த வருஷமும்.