குரலைப் பதிய முதலில் எதை வாங்கலாம்?



நம் பள்ளி ஆண்டு விழாவுக்காக ஊர்ப் பெரியவர்கள் பாடும் நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மிப் பாட்டு எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்யப் போகிறோம். அதற்காக எங்கள் வகுப்பில் சேர்ந்த பணம் 1,500 ரூபாய். "பெரிய ஸ்பீக்கர் வாங்கலாம், அப்பதான் எல்லாருக்கும் கேட்கும்"னு பாதிப் பேர் சொல்றாங்க. "மைக்தான் வாங்கணும்"னு மீதிப் பேர் சொல்றாங்க. நான் மைக் கட்சி. ஏன் என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

ஸ்பீக்கரை அடுத்த வருஷம்கூட வாங்கலாம், இரவலும் கேட்கலாம். ஆனால் பாடுகிறவர்களுக்கு எழுபது, எண்பது வயது ஆகிவிட்டது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி நடவுப் பாட்டு பாடினால் வரப்பில் போறவங்க நின்னு கேப்பாங்க. போன தை மாதம் இறந்துட்டாங்க. அவங்க போட்டோ வீட்டில் மாட்டியிருக்கு, குரல் எங்கேயும் இல்லை. பதியாத குரலை எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வைத்தாலும் கேட்க முடியாது.

மைக் எப்படி வேலை செய்கிறது?

நாம் பேசும்போது காற்று அதிர்கிறது. அந்த அதிர்வு மைக்குக்குள் இருக்கும் மெல்லிய தகட்டை ஆட்டுகிறது. அந்த ஆட்டம் மின்சாரமாக மாறுகிறது. ஸ்பீக்கர் இதற்கு நேர் எதிர். மின்சாரம் வந்து கூம்புத் தாளை ஆட்ட, தாள் காற்றை ஆட்டுகிறது.

நம் பள்ளி மைக் செட்டில் இருக்கும் கை மைக் 'டைனமிக்' வகை. உள்ளே காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும். வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் பிடித்தால் நன்றாகக் கேட்கும். ஆனால் அதை நேராக செல்போனில் சொருகிப் பதிய முடியாது. போனுக்குள் இருப்பதும், சட்டையில் குத்தும் கிளிப் மைக்கும் பெரும்பாலும் 'கண்டென்சர்' வகை. அதிலும் விலை குறைந்த 'எலக்ட்ரெட்' என்ற முறையை 1962-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் இன்றைக்கு சில நூறு ரூபாய்க்குக்கூட நமக்கு மைக் கிடைக்கிறது.

காசு செலவில்லாத முதல் வேலை

மைக் வாங்குவதற்கு முன்னாடியே செய்ய வேண்டியது, பக்கத்தில் போவது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. குரல்தான் குறையுமே தவிர, சுற்றியிருக்கிற காத்தாடிச் சத்தமும் மோட்டார் சத்தமும் குறையாது. நீங்களே சோதிச்சுப் பாருங்க. ஒரு போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பேசிப் பதியுங்கள். பிறகு அறையின் மறுகோடியில் வைத்து அதையே பேசுங்கள். இரண்டாவது கிணற்றுக்குள்ளிருந்து பேசுற மாதிரி கேட்கும்.

அடுத்தது இடம். உள்ளே போய் ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய பிறகும் 'ங்ங்' என்று இழுத்தால் அந்த அறை வேண்டாம். ஒலி சுவரில் பட்டுப் பட்டுத் திரும்புவதுதான் காரணம். இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர். டைல்ஸ் போட்ட காலி அறையில் இது அதிகம். நெல் மூட்டை, மெத்தை, துணிக்கொடி இருக்கிற அறையில் குறைவு. காற்றில்லாத நேரத்தில் வேப்பமரத்தடியும் நல்ல இடம்தான்.

எந்த மைக் வாங்கலாம்?

ஒருவர் பாடுவதைப் பதிய, ஒயர் உள்ள கிளிப் மைக் போதும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒயர் இல்லாத மைக் பார்க்க அழகா இருக்கும். ஆனால் அதைச் சார்ஜ் செய்யணும், நடுவில் தொடர்பு விட்டாலும் பாட்டு போயிடும். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்.

1. போனில் உருண்டை ஓட்டை இருந்தால், மைக் பின்னில் மூன்று கருப்பு வளையம் இருக்க வேண்டும். இரண்டே வளையம் உள்ள பின்னை நேராகச் சொருகினால் பெரும்பாலான போன்களில் வேலை செய்யாது. புதுப் போன்கள் பலவற்றில் அந்த ஓட்டையே இருக்காது. அதற்கு டைப்-சி மைக் கேட்டு வாங்கணும்.

2. மைக் தலையில் பஞ்சுத் தொப்பி இருக்க வேண்டும். காற்றும் மூச்சும் 'புஸ் புஸ்' என்று விழுவதை அது குறைக்கும்.

3. கடையிலேயே நம்ம போனில் சொருகி, பதிந்து, கேட்டுப் பார்த்துதான் காசு கொடுக்கணும்.

மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே மாராப்பில் குத்துங்கள். பாசிமணியும் சங்கிலியும் உரசக் கூடாது. கும்மிக்குக் கிளிப் மைக் ஒத்துவராது, ஒருத்தர் குரல்தான் பெரிசாக் கேட்கும். வட்டத்து நடுவில் ஸ்டூல் போட்டு போனையே வைத்துவிடலாம். கைத்தட்டல் ரொம்ப பலமாக இருந்தால் பதிவு கரகரன்னு ஆகிவிடும், அப்போது போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கேட்டுப் பார்க்க

ஸ்பீக்கருக்கு முன்னால் ஒயர் இயர்போன் ஒன்று வாங்கணும். பின்னாடி ஓடுற காத்தாடி, உரசல் எல்லாம் இயர்போனில்தான் சரியாகத் தெரியும். ஒரு நிமிஷம் பதிந்து, கேட்டு, சரியாக இருந்தால் மட்டும் முழுப்பாட்டையும் பாடச் சொல்லலாம். வயசானவங்களைத் திரும்பத் திரும்பப் பாட வைப்பது பாவம் இல்லையா?

ஸ்பீக்கர் வாங்குகிறவர்களுக்கு

அட்டைப்பெட்டியில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று பெரிதாகப் போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். அது விளம்பரக் கணக்கு. 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருப்பதுதான் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. 10 வாட்ஸை 20 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்காது, கொஞ்சம்தான் கூடும். வகுப்பறைக்கு ஒரு சின்ன ஸ்பீக்கரே போதும். விழா மேடைக்குப் பள்ளி மைக் செட் இருக்கிறது. போனிலிருந்து அதற்கு ஒரு ஒயர் கொடுத்தால் போதும்.

உங்களுக்குத் தெரியுமா?

1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகியின் பாட்டு இசைத்தட்டுக்காகப் பதிவு செய்யப்பட்டது. அப்போது மின்சார மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக்குள் பாட வேண்டும். பாட்டின் முடிவில் அவர் தன் பெயரைத் தானே சொல்வார். நூறு வருஷம் தாண்டியும் அந்தக் குரல் இருக்கிறது, யாருடையது என்றும் தெரிகிறது.

நாமும் அப்படிச் செய்யணும். பாட்டுக்கு முன்னால் பாடுகிறவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் சொல்லிப் பதிய வேண்டும். பதிவதற்கும் விழாவில் போடுவதற்கும் அவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டும். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், நடுவில் அழைப்பு வராது. 'வேவ்' என்ற வகை இருந்தால் அதில் பதியுங்கள். ஒற்றைத் தடத்தில் ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 5 எம்.பி. ஆகும். 32 ஜி.பி. கார்டில் ஏறக்குறைய நூறு மணி நேரம் கொள்ளும். பதிந்ததைப் பள்ளிக் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி போட்டு வைக்கணும். வெட்டி ஒட்ட 'ஆடாசிட்டி' என்ற மென்பொருள் இலவசம்.

என் கணக்கு

கடையில் விசாரித்த விலைப்படி கிளிப் மைக் 850, இயர்போன் 150, மெமரி கார்டு 400. ஆக மொத்தம் 1,400 ரூபாய். மீதி 100 ரூபாய்க்கு, பாட வரும் பாட்டிகளுக்கு வெற்றிலை பாக்கும் டீயும் வாங்கிக் கொடுக்கலாம்.

ஸ்பீக்கர் கட்சிக்காரர்கள் கோபப்பட வேண்டாம். உங்கள் கணக்கை இதே சுவரில் அடுத்த இதழில் எழுதுங்கள். ஆனால் வர்ற சனிக்கிழமைக்குள்ள மைக்கை வாங்கிடுவோம். மேலத்தெருவில் இன்னும் மூணு பாட்டிகள் பாடுறாங்க.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி