நைல்நதி நாட்டின் நீலக் கிண்ணங்கள்

சில வேளைகளில் பெயரே பொருளை மறைத்துவிடுகிறது. பழைய எகிப்தியரின் நீலநிறக் கலங்களை மேனாட்டார் ‘ஃபயான்ஸ்’ என்கின்றனர். இத்தாலி நாட்டு ஃபயன்ஸா நகரின் பெயரடியாகப் பிறந்த சொல் அது. அந்நகரத்தார் செய்தவை களிமண்ணை வனைந்து மெருகிட்ட கலங்கள். எகிப்தியக் கலத்திலோ களிமண் அநேகமாக இல்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் இதற்குப் ‘பீங்கான்’ என்று எழுதி அடித்தேன். ‘மட்கலம்’ என்று எழுதி அதனையும் அடித்தேன். எகிப்தியர் இட்ட பெயர் ‘செஹ்னெத்’. ஒளிவிடுவது என்பது அதன் பொருள். அவர்களே நம்மினும் தெளிவாகப் பெயரிட்டிருக்கின்றனர்.

குவார்ட்ஸ் என்னும் வெங்கச்சங்கல்லை அல்லது மணலை நுண்ணிய பொடியாக்கி, சிறிது சுண்ணாம்பும், செடிச்சாம்பல் அல்லது நேட்ரான் என்னும் உவர்ப்பொருளும், செம்புச் சேர்மமும் கலந்து நீர்விட்டுப் பிசைவர். இக்கலவை களிமண்போல் இணங்காது. சிறிது வளைத்தாலும் வெடிக்கும். ஆகவே சக்கரத்தில் வனைவது கடினம். அச்சிலோ கருவின்மீதோதான் பெரும்பாலும் உருவமைத்தனர். உலரும்போது உள்ளிருக்கும் உப்புகள் தாமே மேற்பரப்பில் பூத்துப் படியும். சூளையில் அவ்வுப்பு உருகிக் கண்ணாடிபோல் மெருகாகும். மெருகைத் தனியே பூசுகின்ற முறையும் உண்டு. நீலம் செம்பினால் வந்தது. சீனாய் மலைப்பகுதியின் பேரோசனைக்கல்லும், ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லும் பெறற்கரியவை. அவற்றின் நிறத்தைக் கலைஞர் மணற்பொடியிலிருந்து பெற்றனர். ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் கிடைத்த வளையல்களுள்ளும் மணிகளுள்ளும் இவ்வினத்தைச் சேர்ந்தவை உண்டு.

புதிய அரசுக் காலத்துக் கிண்ணங்களே, என் எண்ணத்தில், இக்கலையின் சிகரம். ஏறத்தாழ கி.மு. 1550 முதல் 1070 வரையிலான காலம் அது. கிண்ணத்தின் உட்புறம் ஒரு குளம்: நீலப் பரப்பின்மேல் கருங்கோடுகளால் மலர்களும் மீன்களும் தீட்டப்பட்டிருக்கும். நூல்கள் ‘தாமரை’ என்று கூறும் அம்மலர் உண்மையில் ஆம்பல் இனத்தது. காலையில் விரிந்து பின்னர்க் குவிவது. மீனோ, நம்மவர் ஜிலேபிக் கெண்டை என்னும் திலேப்பியா. அது முட்டைகளை வாயில் அடைகாத்துக் குஞ்சுகளை வாய்வழி வெளிவிடும். நாள்தோறும் மலரும் பூவையும், வாயிலிருந்து குஞ்சுகள் பிறக்கும் மீனையும் எகிப்தியர் மறுபிறப்பின் அடையாளங்களாகக் கொண்டனர். ஹாதோர் என்னும் தேவியின் கோயில்களிலும் கல்லறைகளிலும் இக்கிண்ணங்கள் வைக்கப்பட்ட காரணம் இதனால் விளங்குகிறது. எல்லாம் மரணத்தைப் பற்றியவை என்று கருதிவிடலாகாது. ஹாலந்து நாட்டு லெய்டன் நகரத்துப் பொருட்காட்சிசாலையில், கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிண்ணமொன்றில் ஒரு நங்கை யாழ்போன்ற கருவியை மீட்டுகிறாள். அவளுக்குப் பின்னே ஒரு குரங்கு சேட்டை செய்கிறது. அவள் தொடையில் பேஸ் என்னும் குள்ளத் தெய்வத்தின் உருவம் பச்சைகுத்தப்பட்டிருக்கிறது.

மெருகேற்றும் மற்றொரு முறை பற்றிய விளக்கம் ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலிருந்து வந்தது. ஈரான் நாட்டுக் கோம் நகரில், கழுதைகளின் கழுத்தில் கட்டும் நீலமணிகளைச் செய்யும் தொழிலாளரின் வேலையை ஆராய்ந்தவர்கள், 1968இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டனர். தொழிலாளர் மணிகளை ஒருவகைப் பொடிக்குள் புதைத்துச் சூளையிலிட்டனர். ஆறியபின் பொடியை உதிர்த்தபோது மணிகள் மட்டும் சுற்றிலும் மெருகேறி வெளிவந்தன. எகிப்தியரும் சில பொருள்களை இவ்வாறே செய்திருக்கக்கூடும் என்பது அக்கட்டுரையாசிரியர்களின் கருத்து.