கால் விரிந்த கோழிக்குஞ்சு

21ஆம் நாள் ஓட்டை உடைத்து வெளியே வரும் குஞ்சுகளில் ஒன்று மட்டும் சில சமயம் நிற்க முடியாமல், கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிய, வயிற்றைத் தேய்த்துக்கொண்டு கிடக்கும். பிழைக்காது என்று ஒதுக்கிவிடாதீர்கள் நேயர்களே! முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் கவனித்தால் பெரும்பாலும் நடக்க வைத்துவிடலாம்.

பிளாஸ்திரியை மெல்லிய பட்டையாக நறுக்குங்கள். பாதத்துக்குச் சற்று மேலே ஒரு காலைச் சுற்றி, இடையில் சுமார் 2.5 சென்டிமீட்டர் விட்டு, மறுகாலையும் சுற்றி ஒட்டுங்கள். கால்கள் உடம்புக்கு நேர்கீழே வர வேண்டும். பாதம் வீங்கினாலோ நிறம் மாறினாலோ கட்டு இறுக்கம் என்று பொருள், உடனே தளர்த்துங்கள். முதலில் குஞ்சு தடுமாறி விழத்தான் செய்யும், பதற வேண்டாம். தண்ணீர்த் தட்டில் மட்டும் கவிழ்ந்துவிடக் கூடாது. தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள். தினமும் கட்டைப் பிரித்துப் பார்த்து, புதிதாகப் போடுங்கள். எலும்பு இளசு என்பதால் சில நாட்களிலேயே கால் நேராகிவிடும்.

பல வீடுகளில் குஞ்சுப் பெட்டிக்குள் செய்தித்தாள் விரிக்கிறார்கள். கால் விரிய முக்கியக் காரணமே அந்த வழுக்கல்தான். சாக்கு விரியுங்கள், பிடிமானம் கிடைக்கும்.

விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தால் அது வேறு சங்கதி. வைட்டமின் பி2 குறைவு காரணமாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டி மருந்து கொடுங்கள். முட்டையிடும் தாய்க்கோழியின் தீவனத்தைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள்.