சமூக மினி பஸ்: இயக்க அனுமதி யாருக்கு, ஓட்டும் தகுதி யாருக்கு?

சந்தேகங்களும் விளக்கங்களும்

பிரிட்டனில் பள்ளிகள், கோயில்கள், தேவாலயங்கள், முதியோர் மன்றங்கள் எனப் பல அமைப்புகள் சொந்தமாக மினி பஸ் வைத்திருக்கின்றன. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் இந்து ஆலயங்களும் மினி பஸ் வாங்க எண்ணினால், இதே விதிகள்தான் பொருந்தும். வண்டியை இயக்கும் அமைப்புக்குத் தேவையான அனுமதி வேறு, ஓட்டுபவருக்குத் தேவையான உரிமம் வேறு என்பதில்தான் பெரும்பாலான குழப்பம் எழுகிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் நடைமுறையில் உள்ள விதிகளின் விளக்கம் இது.

மினி பஸ் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஓட்டுநரைத் தவிர்த்து 9 முதல் 16 பேர் வரை அமரக்கூடிய வாகனமே மினி பஸ். 8 பயணிகள் வரை ஏற்றும் வண்டியைச் சாதாரண கார் உரிமத்திலேயே ஓட்டலாம். இருக்கை ஒன்று கூடினாலும் ஓட்டுநருக்கான விதி மாறிவிடும்.

அனுமதி எதற்காக?

கட்டணம் பெற்று ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ் நிறுவனங்கள், பொதுச் சேவை வாகன இயக்குநர் உரிமம் பெற வேண்டும். அதற்கு நிதி இருப்பு, போக்குவரத்து மேலாளர் போன்ற கடுமையான நிபந்தனைகள் உண்டு. லாப நோக்கமின்றிச் செயல்படும் அமைப்புகள் அந்த உரிமம் இல்லாமலேயே வண்டி இயக்க, 1985-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் இரண்டு வகை அனுமதிகளை வழங்குகிறது.

அந்த இரண்டு வகைகள் எவை?

முதலாவது, 19-ஆம் பிரிவு அனுமதி. கல்வி, சமயம், சமூக நலன், பொழுதுபோக்கு அல்லது சமூகத்துக்குப் பயன்தரும் பிற பணிகளில் ஈடுபடும் அமைப்புகள் தங்கள் உறுப்பினர்களையோ தாங்கள் சேவை செய்வோரையோ ஏற்றிச் செல்ல இது உதவும். பொதுமக்களை ஏற்றக் கூடாது. இரண்டாவது, 22-ஆம் பிரிவு அனுமதி. பஸ் வசதி குறைந்த ஊர்களில் எவரும் ஏறக்கூடிய உள்ளூர் சமூக பஸ் சேவையை நடத்த இது வழிசெய்கிறது. அந்த வழித்தடத்தை முறைப்படி பதிவு செய்ய வேண்டும்.

டிக்கெட் இல்லை, நன்கொடை மட்டும் வாங்கினால் அனுமதி வேண்டாமா?

வேண்டும். பயணத்துக்கு ஈடாகப் பெறும் எந்தத் தொகையும் கட்டணமாகவே கருதப்படும். அந்தத் தொகை நேரடியாக வராமல் சந்தா, பள்ளிக் கட்டணம், நன்கொடை ஆகியவற்றில் அடங்கி வந்தாலும் இதே நிலைதான். யாரிடமிருந்தும் எந்த வடிவிலும் பணம் பெறாத பயணத்துக்கு மட்டுமே அனுமதி தேவைப்படாது.

எவ்வளவு கட்டணம் வசூலிக்கலாம்?

எரிபொருள், பராமரிப்பு, காப்பீடு, புதிய வண்டி வாங்குவதற்கான ஒதுக்கீடு உள்ளிட்ட செலவுகளை ஈடுகட்டும் அளவுக்கு வசூலிக்கலாம். லாபம் ஈட்டும் நோக்கில் சேவை நடத்தக் கூடாது.

அனுமதியை யார் தருவார்கள்? செலவு என்ன?

இரண்டு வகை அனுமதிகளையும் போக்குவரத்து ஆணையர் வழங்குகிறார். மினி பஸ்ஸுக்கான 19-ஆம் பிரிவு அனுமதியை, அதிகாரம் அளிக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களும் சில தேசிய அமைப்புகளும் தங்கள் வரம்புக்கு உட்பட்டோருக்கு வழங்கலாம். ஆணையரிடம் விண்ணப்பிக்க, 19-ஆம் பிரிவு மினி பஸ் அனுமதிக்கு 11 பவுண்டும் 22-ஆம் பிரிவு அனுமதிக்கு 55 பவுண்டும் கட்டணம். அனுமதி அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

இரண்டு வண்டி இருந்தால் ஒரே அனுமதி போதுமா?

அனுமதி அமைப்பின் பெயரில் வழங்கப்படுகிறதே தவிர, குறிப்பிட்ட வண்டிக்கு அல்ல. ஒரு வண்டி பழுதானால் அதே அனுமதியில் வேறு வண்டியை இயக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகள் ஓடினால் இரண்டு அனுமதிகள் வேண்டும். அதற்குரிய வில்லை ஒவ்வொரு வண்டியிலும் காணப்பட வேண்டும்.

கார் உரிமம் உள்ளவர் மினி பஸ் ஓட்டலாமா?

கார் தேர்வில் எப்போது தேறினார் என்பதைப் பொறுத்தது. 1997 ஜனவரி 1-க்கு முன் தேறியவர்களின் உரிமத்தில் பொதுவாக மினி பஸ்ஸுக்கான டி1 வகையும் 101 என்ற குறியீடும் இருக்கும். வணிக நோக்கில் ஓட்ட முடியாது என்பதே அந்தக் குறியீட்டின் பொருள். அமைப்பிடம் அனுமதி இருந்தால், அந்தச் சேவையில் அவர்கள் மினி பஸ் ஓட்டலாம்.

1997-க்குப் பின் தேறியவர்களின் நிலை என்ன?

அவர்களுக்கு டி1 வகை தானாகக் கிடைப்பதில்லை. சில நிபந்தனைகளின் பேரில் மட்டும் விலக்கு உண்டு. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கார் உரிமம் பெற்றுக் குறைந்தது 2 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். வணிகம் சாராத அமைப்புக்காக, சமூக நோக்கத்துக்காக, ஊதியமின்றி ஓட்ட வேண்டும். வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை பொதுவாக 3.5 டன்னுக்கு மேல் இருக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புச் சாதனங்கள் பொருத்தப்பட்டிருந்தால் 4.25 டன் வரை போகலாம். டிரெய்லர் இழுக்கவோ வெளிநாட்டில் ஓட்டவோ முடியாது.

இந்திய, இலங்கை உரிமம் செல்லுமா?

இவ்விரு நாடுகளின் உரிமத்தைக் கொடுத்து பிரிட்டன் உரிமமாக மாற்றிக்கொள்ள முடியாது. பிரிட்டனில் குடியேறிய 12 மாதங்களுக்குப் பிறகும் கார் ஓட்ட, அங்குள்ள தேர்வில் தேற வேண்டும். அவ்வாறு இப்போது தேறுவோர் 1997-க்குப் பிந்தைய விதிகளின் கீழ்தான் வருவார்கள்.

ஓட்டுநருக்குச் சம்பளம் தரலாமா?

விலக்கின் பேரில் ஓட்டுபவருக்குச் சம்பளம் தரக் கூடாது; கைச்செலவை மட்டும் திருப்பித் தரலாம். 1997-க்குப் பின் தேறியவரைச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டுமானால், அவர் டி1 தேர்வில் தேறியிருக்க வேண்டும். அதற்கு டி4 படிவத்தில் மருத்துவ அறிக்கை, எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு ஆகியவை உண்டு.

70 வயதைத் தாண்டியவர் ஓட்டலாமா?

70 வயதில் டி1 தகுதி தானாகக் காலாவதியாகும். அதைத் தொடர விரும்புவோர், கார் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது டி4 மருத்துவ அறிக்கையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். விலக்கின் பேரில் ஓட்டுபவரும் 70 வயதுக்குப் பின் டி1 வகைக்குரிய உடல்தகுதியைப் பெற்றிருக்க வேண்டும்.

வண்டிக்கு என்ன நிபந்தனைகள்?

புதிய மினி பஸ்ஸாக இருந்தாலும் முதல் ஆண்டு முடிவிலேயே எம்ஓடி எனப்படும் வாகனத் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி, பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். 2021 பிப்ரவரி 1 முதல், மினி பஸ்ஸில் ஒற்றைச் சக்கரமாகப் பொருத்தப்படும் டயர்கள் 10 ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. பயன்பாட்டுக்கு ஏற்ற காப்பீடும் கட்டாயம்.

விதியை மீறினால்?

உரிய வகை உரிமம் இல்லாமல் ஓட்டுபவருக்கு 1,000 பவுண்டு வரை அபராதமும் 3 முதல் 6 தண்டனைப் புள்ளிகளும் விதிக்கப்படலாம். காப்பீடு செல்லாமல் போகவும் வாய்ப்புண்டு. அமைப்பின் அனுமதியை ரத்து செய்ய ஆணையருக்கு அதிகாரம் உள்ளது.

வட அயர்லாந்திலும் இதே விதிதானா?

இல்லை. அங்கு 10பி எனப்படும் தனி அனுமதி முறை உள்ளது. விண்ணப்பங்களும் அங்குள்ள துறையிடமே அளிக்கப்பட வேண்டும்.

அமைப்பிடம் அனுமதி இருப்பதால் ஓட்டுநருக்குத் தகுதி வந்துவிடாது. ஓட்டுநரிடம் உரிமம் இருப்பதால் அமைப்புக்கு அனுமதி தேவையில்லை என்றும் ஆகாது. இரண்டையும் தனித்தனியே சரிபார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.